நான்கு அறைகளும் காணப்பட்டன

அன்று டாக்டரின் அறையில் ஆறு பேர் இருந்தோம். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நடந்ததை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லக்கூடும். இடமாவது மாறாமல் இருக்கட்டும். மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டாக்டர். அவருக்கு இடது கைப்பக்கம் ஒரு ஸ்டூலில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, நான். மேசைக்கு எதிர்ப்பக்கம் மூன்று நாற்காலிகள். சுவரோரம் இருந்ததில் மாமியார். கதவோரம் இருந்ததில் அவருடைய மகன். நடு நாற்காலியில் மகனின் மனைவி, அந்தப் பெண். இரண்டு பக்கமும் காவல் வைத்துக் கூட்டிவந்த மாதிரி இருந்தது. ஆறாவது ஆள் ஜெல் அக்கா. அவள் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். கதவுக்கு வெளியே பதினேழு பேர் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

எங்கள் ஸ்கேன் நிலையம் கடைவீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. இருபத்து மூன்று படிகள். "மாசமா இருக்கிறவள மாடி ஏறவச்சுப் பாக்கிற அதிசயம் இங்கதான் நடக்கும்" என்று ஜெல் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வயிற்றில் தடவுகிற அந்தக் குளிர்ந்த ஜெல் களிம்பைத் தடவுவதும், துடைப்பதும், கட்டிலில் விரிப்பு மாற்றுவதும் அவள் வேலை. நான் பதினோரு வருடமாக அங்கே அறிக்கை தட்டச்சு செய்கிறேன். கவுன்ட்டரும் நானே. எனக்கு டைப் அக்கா என்று பெயர். கடிதம் எழுதுவதற்கும் டாக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்களோ இல்லையோ, விடுநர், பெறுநர், பொருள் என்று வரிசை தப்பாமல் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் விண்ணப்பம், புகார் என்று என்னிடம்தான் வருவார்கள். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று எனக்குத் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு.

மகன் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை வைத்து, டாக்டர் பக்கம் தள்ளினார். ஐந்து மாதத்துக்கு முன் நாங்கள் கொடுத்த ஸ்கேன் அறிக்கை அது. ஐந்தாம் மாத ஸ்கேன். தாளைப் பார்த்ததுமே என் கைவேலை எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் சண்டை போட வரல சார்" என்றார். "பிள்ளை பிறந்து ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் பால் குடிக்கல. உதடு நீலமாயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டுப் போனேன். அங்க ஒரு டாக்டரம்மா பாத்துட்டு, இதயத்துல இடது பக்க அறை வளரவே இல்லைன்னு சொன்னாங்க. அப்புறம் இந்தப் பேப்பரைப் பாத்தாங்க. 'நாலு அறையும் காணப்பட்டனன்னு எழுதியிருக்கே, இல்லாத அறைய எப்படிப் பாத்தாங்க?'ன்னு என்னையக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அதான் உங்களக் கேக்க வந்தேன்."

குழந்தை ஆறாம் நாள் இறந்துவிட்டிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. உறைக்குள் அறிக்கையின் பின்னால் பெரிய ஆஸ்பத்திரியின் இறப்புச் சீட்டும் இருந்தது. முன்பே தெரிந்திருந்தால் பிரசவத்தையே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருப்போம், பிறந்த நிமிடத்திலிருந்து மருந்து ஏற்றியிருப்போம், ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்று அந்த டாக்டரம்மா சொன்னாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இதயம் வரைந்தார். ஐந்தாம் மாதத்தில் அது கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும் என்றார். அப்போது நான்கு அறையும் சரியாக இருப்பதுபோலவே தெரிந்து, பிறகு ஒன்று வளராமல் நின்றுபோவது உண்டு என்றார். ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்றார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. சொன்னது எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான்.

"படம் போட்டு என்ன சார் ஆகப்போகுது" என்றார் மாமியார். "அன்னிக்கும் படம்தான் காட்டினீங்களாம். மூக்கு பாரு, விரல் பாருன்னு. மூக்கும் விரலும் நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல." பிறகு டாக்டரை விட்டுவிட்டு நடு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். நாள் பூரா அந்தத் தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தா உள்ள இருக்கிறது என்னத்துக்கு ஆகும்? கேட்டாத்தானே."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார் டாக்டர்.

"உங்களுக்குத் தெரியாது சார். நாலு பெத்தவ நான்."

அந்தப் பெண் ஒரு தையற்கூடத்தில் சட்டைக் காலர் தைக்கிறவள். வலது சுட்டுவிரல் நுனியில் ஊசி ஏறிய தழும்புகள் புள்ளி புள்ளியாக இருந்தன. இப்போது அந்த விரலை உயர்த்தி, வகுப்பில் கேட்பதுபோல, "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளும்மா."

"அன்னிக்கு முகம் பாத்ததும் பிள்ளை குப்புறத் திரும்பிடுச்சு, முதுகுதான் தெரியுது, இதயம் பாக்க முடியலைன்னு சொன்னீங்க. கொஞ்சம் நடந்துட்டு வா, பிள்ளை திரும்பிக்கும்னு சொன்னீங்க. நானும் வராண்டாவுல நடந்தேன். அப்புறம் என்ன யாரும் உள்ள கூப்பிடல. நான் திரும்ப உள்ள வரவே இல்ல சார். அதனாலதான் தெரியாமப் போச்சா?"

டாக்டர் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தார். அவர் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது வயிறு பார்க்கிறவர். ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு காலை அவருக்கு எப்படி நினைவிருக்கும்? தாளில் இருப்பதைத்தான் அவர் நம்பமுடியும். "இல்லம்மா, வந்திருக்கே. வராம இப்படி எழுத முடியாது. பாரு, நாலு அறையும் காணப்பட்டன, இயல்புன்னு இருக்கு. கீழ என் கையெழுத்து இருக்கு" என்றார், ஆறுதலாகவே.

"வந்தேனா?" என்றாள். அவள் அதை டாக்டரைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"இவளுக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது" என்றார் மாமியார்.

மகன் முதல்முறையாக மனைவி பக்கம் திரும்பினார். "கீழ வந்து வண்டியில ஏறினப்ப என்ன சொன்னே? எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்னுதானே சொன்னே? இப்ப உள்ள போகவே இல்லங்கிற. எது நிஜம்? போகாமயே போனேன்னு சொல்லிட்டியா?"

"இல்லைங்க. கவுன்ட்டர்ல கேட்டேன். என்னக் கூப்பிடலையேன்னு கேட்டேன்." அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்கதான் இருந்தீங்க. உங்ககிட்டதான் கேட்டேன். இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெல் அக்காவும் பார்த்தாள். மடியில் இருந்த நோட்டை நான் திறந்தேன், ஏதோ அதில் பதில் இருப்பதுபோல. அது வெற்றுப் பக்கம்.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என்மேல் கோபம் இல்லை அந்தத் தலையாட்டலில். அத்தனை பேரில் தன்னை எப்படி ஒருத்தி நினைவு வைத்திருப்பாள் என்ற நியாயம்தான் இருந்தது. டாக்டர், எழுத்துபூர்வமாகவும் ஒரு விளக்கம் அனுப்புவதாகச் சொன்னார். அவர்கள் எழுந்து போனார்கள். படியில் இறங்கும்போது மாமியாரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே போனது. "போனாளாம், போகலையாம்..." இருபத்து மூன்று படிகளுக்கும் அதையே சொன்னார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அந்த நாளைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நாங்கள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லவேண்டும்.

ஸ்கேன் அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் உள்ள கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். டாக்டர் உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டே அளவுகளைச் சொல்வார். தலைச் சுற்றளவு இவ்வளவு, தொடை எலும்பு இவ்வளவு. நான் வெளியே இருந்து தட்டுவேன். என் கணினியில் 'நார்மல்' என்று ஒரு மாதிரி அறிக்கை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் வந்த ஒரு பெண்ணின் அறிக்கை அது. அவள் முகம்கூட எனக்கு நினைவில்லை. அவள் குழந்தைக்கு எல்லாம் சரியாக இருந்தது. மூளை இயல்பு, முதுகெலும்பு இயல்பு, நான்கு அறைகளும் காணப்பட்டன, இரண்டு சிறுநீரகங்களும் இயல்பு. அதையே திறந்து, பெயரையும் வயதையும் அளவுகளையும் மட்டும் மாற்றி அச்சிடுவேன். டாக்டர் ஏதாவது குறை சொன்னால் அந்த வரியைத் திருத்துவேன். சொல்லாவிட்டால் அந்த வரி அப்படியே இருக்கும். டாக்டர் பேசாமல் இருந்தால் இயல்பு என்று பொருள். யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலை அப்படிப் பழகிவிட்டது. பதினோரு வருடமாக ஒரே ஒரு குழந்தையின் இதயத்தைத்தான் நான் எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பொருந்தவும் செய்தது.

அச்சு இயந்திரம் பழையது, ஒரு தாள் வெளியே வர இரண்டு நிமிடம் எடுக்கும். அதனால் கடைசி அளவு வந்தவுடனேயே அச்சுக்குக் கொடுத்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் கொடுத்தேன். தாள் பாதி வெளியே வந்தபோது உள்ளே இருந்து டாக்டர், "இவங்களை நடக்கச் சொல்லு, இதயம் பாக்கணும், அரை மணி கழிச்சுக் கூப்பிடு" என்றார். சரி சார் என்றேன். அந்தத் தாளை எடுத்துத் தனியே வைக்கவேண்டும் என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது. அப்போது படியில் சத்தம். ரத்தப்போக்கோடு ஒருத்தியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜெல் அக்கா கட்டிலைத் தயார் செய்ய ஓடினாள். நான் ஆம்புலன்சுக்குத் தொலைபேசியில் பேசினேன். தாள் தானாக வெளியே வந்து, கையெழுத்துக்கான தட்டில், மற்ற தாள்களின்மேல் விழுந்தது. ஒரு மணிக்கு டாக்டர் நின்றபடியே அத்தனையிலும் கையெழுத்துப் போட்டார்.

ஒன்று பத்துக்கு அந்தத் தையற்காரப் பெண் கவுன்ட்டருக்கு வந்தாள். நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது, செருப்பைக் கையில் வைத்திருந்தாள். "அக்கா, என்னக் கூப்பிடலையே?" என்றாள். கீழே தெருவில் டேங்கர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் தட்டில் தேடினேன். அவள் பெயரில் கையெழுத்தான அறிக்கை இருந்தது. கையெழுத்து ஆகியிருந்தால் பார்த்தாயிற்று என்றுதானே அர்த்தம்? "உங்களது முடிஞ்சிருச்சும்மா, இதோ ரிப்போர்ட். எல்லாம் நார்மல்" என்றேன். "அப்ப திரும்ப உள்ள போகவேண்டாமா?" என்று மறுபடியும் கேட்டாள். இரண்டாவது முறை. "வேண்டாம்மா, டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரு பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பிடிச்சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள்.

அன்று மதியமே டாக்டர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஸ்கேன் ஒரு நிழற்படம் போன்றது. தாயின் உடல்வாகு, குழந்தையின் கிடை, கருவின் வயது ஆகியவற்றைப் பொறுத்து சில குறைகள் புலப்படாமல் போகலாம். உலகெங்கும் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. தங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம். பதினான்கு வாக்கியங்கள். எண்ணினேன். ஒன்றிலும் பொய் இல்லை. ஆனாலும் பதினான்கும் சேர்ந்து, பார்த்தோம், தெரியவில்லை என்று சொல்லின. நாங்கள் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை ஆட்கள் வருவதற்கு முன்னால் போய், ஸ்கேன் இயந்திரத்தின் சேமிப்பில் அந்தத் தேதியைத் திறந்தேன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மணி பதிவாகியிருக்கும். அவள் பெயரில் பத்தொன்பது படங்கள். தலை, முகம், முதுகெலும்பு, வயிறு, கை, கால். கடைசிப் படம் தொடை எலும்பு, பதினொன்று ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதயம் என்று ஒரு படமும் இல்லை. முகம் இருந்த படத்தை நான் பெரிதாக்கினேன். ஏன் பெரிதாக்கினேன் என்று தெரியாது. கட்டைவிரல் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"யாரு அது, அந்தப் பிள்ளையா?" ஜெல் அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

"ஆமாங்க்கா."

"அவ ரெண்டு தடவ கேட்டா, டைப்பு. நான் அந்தப் பொண்ணுக்கு ரத்தம் துடைச்ச துணிய எடுத்துக்கிட்டு உன் முன்னாலதான் போனேன். காதுல விழுந்துச்சு."

"நேத்து ஏன் சொல்லல?"

"உன்னையில்ல கேட்டா? என்னையா கேட்டா?" என்றாள். பிறகு பெருக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு இந்த மாதம் பிரசவம். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை கிடையாது. அவள் மௌனத்தை நான் குறை சொல்ல முடியாது. குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

டாக்டர் வந்ததும் படங்களைக் காட்டினேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பத்தொன்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தள்ளினார். நான்கு அறையும் தெரிகிற ஒரு படம் எங்காவது கிடைத்துவிடாதா என்று தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"நான் பாத்திருப்பேன்னுதான் நினைச்சேன்" என்றார்.

"நான்தான் சார் தாளைக் கொடுத்தேன்."

"கையெழுத்து யாருது?" கோபமாகக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "அரை மணி கழிச்சுப் பாத்திருந்தாலும் பிள்ளை திரும்பியிருக்குமான்னு தெரியாது. திரும்பியிருந்தாலும் அந்தக் குறை எனக்குத் தெரிஞ்சிருக்குமான்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் பிள்ளை பிழைச்சிருக்குமான்னு தெரியாது."

"தெரியாது சார்."

"இந்தச் சுத்துவட்டாரத்துக்கு இருக்கிறது இந்த ஒரு மெஷின். நாளைக்கு இதை மூடிட்டா அந்த நாப்பது பேரும் எங்க போவாங்க?"

"தெரியாது சார்."

"பிள்ளைய இழந்தவங்க. 'பாத்தும் தெரியல'ன்னா தலையெழுத்துன்னு மனசு ஆறும். 'பாக்கவே இல்ல'ன்னா ஆறுமா? நீ அந்த லெட்டரையே அனுப்பும்மா. அவங்களுக்கும் அதுதான் நல்லது."

அது நியாயமாகக்கூட இருந்தது. அந்த வீட்டில் டேங்கர்காரருக்கும் அவர் அம்மாவுக்கும் அது போதுமாக இருக்கலாம். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு? அந்தக் கடிதம் போனால் அவள் உள்ளே போனாள் என்று ஆகும். போகவில்லை என்று அவளுக்கே தெரியும். அப்படியானால் பொய் சொன்னவள் அவள். அல்லது புத்தி தடுமாறியவள். அந்த வீட்டில் இனி அவள் எதைச் சொன்னாலும், போனாளாம், போகலையாம் என்று ஒரு வாய் தொடங்கும். அதோடு முடியாது. ராத்திரி பகலாக அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்: நான் கேட்டேனா, கேட்காமல் வந்துவிட்டேனா? கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். உலகத்தில் அதைக் காதால் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தாள்.

நான் என் மேசைக்கு வந்தேன். 'நார்மல்' என்ற கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் இருந்த இயல்பு என்ற சொல்லை அழித்தேன். காணப்பட்டன என்பதையும் அழித்தேன். உறுப்புகளின் பெயர் மட்டும் இடது பக்கம் நின்றது, வலது பக்கம் வெறுமை. அன்று முதல் பெண் கட்டிலில் படுத்து, டாக்டர் அளவுகளைச் சொல்லி முடித்துப் பேசாமல் இருந்தபோது, நான் பாதிக் கதவு வழியாக, "மூளை, சார்?" என்றேன்.

"என்ன?"

"மூளை என்ன போடணும் சார்?"

"இயல்பு" என்றார். முதுகெலும்பு, சார்? இயல்பு. இதயம், சார்? இயந்திரத்தின் விசை ஒன்று தட்டும் சத்தம். மறுபடி தட்டும் சத்தம். "இரு" என்றார். வெகுநேரம் கழித்து, "நாலும் தெரியுது. போடு" என்றார். அன்று வரிசை படிவரைக்கும் நின்றது. "என்னங்க, இன்னிக்குப் பாஸ்போர்ட்டா கொடுக்கிறாங்க உள்ள, இவ்வளவு நேரம்?" என்று ஒருத்தி கேட்டாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தவர்கள் ஜெல் அக்காவைத் திட்டினார்கள். ஜெல் அக்கா என்னைத் திட்டினாள். டாக்டர் யாரையும் திட்டவில்லை. மாலையில் தன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடுநர் என்று எழுதி என் பெயரையும் என் வீட்டு முகவரியையும் எழுதினேன். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பெறுநர் என்று எழுதி அவள் பெயரை மட்டும் எழுதினேன். அவள் கணவர் பெயரைச் சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். பொருள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முப்பது வருடமாக நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு யோசிக்காமல் பொருள் எழுதியவள் நான். குழந்தை இறந்தது தொடர்பாக என்று எழுதினால் குழந்தை ஒரு விண்ணப்பம் ஆகிவிடும். அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று என் கை தானாகத் தொடங்கியது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அன்புள்ள என்று தொடங்க எனக்கு என்ன உரிமை? கடைசியில் 'அம்மா' என்று மட்டும் எழுதி ஒரு காற்புள்ளி வைத்தேன். எழுதிய பிறகுதான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். அதை அடிப்பதா விடுவதா என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். விட்டேன். அவள் அம்மாதான். ஆறு நாள் என்றாலும்.

நடந்ததை மணிவாரியாக எழுதினேன். உங்களுக்கு நினைவிருப்பதுதான் சரி, தாளில் இருப்பது தவறு என்று எழுதினேன். நீங்கள் திரும்ப உள்ளே போகவில்லை. போகாமல் இருந்தது உங்கள் தவறு அல்ல. ஒன்று பத்துக்கு என்னிடம் வந்து, என்னைக் கூப்பிடவில்லையே என்று கேட்டீர்கள். மறுபடியும் ஒருமுறை கேட்டீர்கள். வேண்டாம் என்று சொன்னது நான். ஞாபகம் இல்லை என்று அன்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னது பொய். உங்கள் தையல் வேலைக்கும் குழந்தையின் இதயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; இதை டாக்டரும் சொன்னார். அன்றைக்கே பார்த்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். கேட்கிற இடத்தில் வந்து சொல்வேன்.

மன்னிப்பு என்று முடிவில் ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது அந்த ஒரு வரி மட்டும் அவளிடம் எதையோ கேட்பதுபோல் இருந்தது. அவளிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அதை விட்டுவிட்டு முழுக்கடிதத்தையும் மறுபடி நகல் எழுதினேன். கீழே, இணைப்பு இரண்டு என்று குறித்தேன். ஒன்று, நான் நோட்டில் குறித்துவந்த படங்களின் மணி வரிசை. இன்னொன்று, டாக்டரின் கடிதம். அதில் பொய் இல்லை, தனியாக அனுப்பத்தான் கூடாது.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ரெண்டையும் ஒண்ணா அனுப்புறேன் சார். என்னோடதையும்."

எதிர்முனையில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "இன்னிக்கு நீ வருவியா?" என்றார்.

"வரச் சொன்னா வரேன் சார்."

அவர் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தொடர்பு அறுந்தது.

தபால் நிலையத்தில் பதிவுத்தபால் ஜன்னலில் எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்தபோது எழுத்தர் உறையை வாங்கித் தராசில் போட்டார். புரட்டிப் பார்த்தார்.

"ஒட்டவே இல்லையேம்மா. இப்படியேவா அனுப்பறது?"

ஒட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பசைக் கிண்ணத்தை ஜன்னலுக்கு வெளியே தள்ளினார். உறையின் வாயில் பசை தடவி மடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டைவிரலால் அழுத்தினேன்.

"ஒப்புகை அட்டை வேணுமா? வாங்கினவங்க கையெழுத்து உங்களுக்குத் திரும்பி வரும்."

"வேணும்."

"வீட்டுல வேற யாராவது வாங்கினாப் பரவாயில்லையா?"

"இல்லைங்க. அவங்க கையிலதான் கொடுக்கணும்."

அவர் உறைமேல் சிவப்பு மையில் ஏதோ குறித்து, முத்திரையை இரண்டு முறை குத்தி, பின்னால் இருந்த பெரிய கூடைக்குள் எறிந்தார். உறை ஒரு கட்டுப் பத்திரிகையின்மேல் விழுந்து, சரிந்து, நிமிர்ந்து நின்றது. அதன்மேல் அடுத்தவருடைய பார்சல் வந்து விழுந்தது. ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. அதில் அவள் வீட்டுக் கதவு எண் இருந்தது. பசை இன்னும் காயாமல் ஓரத்தில் பளபளத்தது. உள்ளே இருந்து ஓர் ஆள் வந்து, யாரோடோ பேசிக்கொண்டே, கூடையைக் காலால் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.